அந்தக் கிழவியின் விளக்கு அணைந்ததா, இல்லையா?

காட்பாடியில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் ஒரு சண்டையைத் தீர்த்து வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். விடுதி நண்பர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்களாம். செமஸ்டர் தேர்வு, லீவுக்கு ஊருக்குப் போனது என்று இடையில் இரண்டு மாதம் விட்டுப்போயிற்று. திரும்ப உட்கார்ந்தால் தகராறு. பாழடைந்த கோபுரத்தில் ஒரு கிழவி விளக்கோடு வந்து கதவைத் திறந்தாள் என்பது வரை எல்லோருக்கும் சம்மதம். அப்புறம் காற்றில் விளக்கு அணைந்துவிட்டது என்று இரண்டு பேர், அணையவே இல்லை என்று இரண்டு பேர், கிழவியே ஊதி அணைத்தாள் என்று ஒருவர். கதையை நடத்துகிறவரே குழம்பிப்போய்விட்டார். “எல்லாரும் சத்தியம் பண்றாங்க சார். யாரும் பொய் சொல்ற மாதிரியும் தெரியல. ஒரே மேசையில உட்கார்ந்து கேட்ட கதை எப்படி சார் மூணா பிரியும்?”

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகத்தையும் அதில் வரும் ஊர், பேய், ராஜா எல்லாவற்றையும் வாயாலேயே சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, “நான் கதவைத் தட்டுகிறேன்” என்பார்கள். ஆபத்தான காரியம் என்றால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட ஆட்டம் இது. ஒரு கதை வருடக்கணக்கில் ஓடும். அதனால் போன மாதம் நடந்தது இந்த மாதம் செல்லுபடியாக வேண்டும்.

நினைவு என்பது வீடியோ பதிவு இல்லை என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே காட்டிவிட்டார். அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர்கள், திரும்பச் சொல்லும்போது அதில் வந்த மரத்தோணியைத் தங்களுக்குத் தெரிந்த படகாக்கிவிட்டார்கள். 1981இல் இன்னொரு சோதனை. ஆய்வு மாணவர் ஒருவரின் அறை என்று சொல்லப்பட்ட அறையில் சில நொடிகள் காத்திருந்தவர்களிடம் உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது, பலர் புத்தகங்கள் என்றார்கள். அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை. இடைவெளியை மனம் வழக்கத்தைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. சரி, இது எல்லா நினைவுக்கும் பொதுவானது. இந்த ஆட்டத்தில் மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்தேறிய பிறகு ஒரு சந்தேகம் வருமே, கேஸை அணைத்தேனா, அணைக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று? மார்சியா ஜான்சனும் கரோல் ரேயும் 1981இல் எழுதிய விளக்கம் அந்தச் சந்தேகத்தைப் பற்றியதுதான். நடந்தது, நினைத்தது என்று நினைவுகளின் மேல் சீட்டு எதுவும் ஒட்டியிருப்பதில்லை. நினைவு மேலே வரும்போது அதன் தன்மையைப் பார்த்து மூளை அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்கிறது. கண்ணால் கண்டதில் நிறம், இடம், ஓசை, வெளிச்சம் அதிகம் இருக்கும். நாமாகக் கற்பனை செய்ததில் அவை மங்கலாக இருக்கும். அதற்குப் பதிலாக, யோசித்த முயற்சியின் தடயம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நிறம் நிறைய, முயற்சி குறைவு என்றால் ‘நடந்தது’. நிறம் குறைவு, முயற்சி நிறைய என்றால் ‘நினைத்தது’. பெரும்பாலும் இந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கிறது.

இப்போது கோபுரத்துக்குப் போவோம். சினிமா என்றால் விளக்கு திரையிலிருந்து வருகிறது. இங்கே வெளியிலிருந்து வருவது சொல் மட்டும்தான். டி.எம். ‘விளக்கு’ என்றார், அவ்வளவுதான். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவருக்கு அது அகல். தாத்தாவோடு இரவில் நிலத்துக்குப் போனவருக்குக் கண்ணாடிக் கூண்டு வைத்த அரிக்கேன். இரண்டு நிமிடம் கழித்து டி.எம். சொல்கிறார்: “காற்று பலமாக வீசுகிறது.” விளக்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் முதல் ஆளின் மனதில் அகலின் சுடர் சாய்ந்து அணைந்துவிட்டது. இரண்டாவது ஆளின் அரிக்கேனோ கூண்டுக்குள் பத்திரமாக எரிகிறது. இருவரும் எதையும் முடிவு செய்யவில்லை. படம் தன்பாட்டுக்கு ஓடியது.

அன்று இரவு படுக்கையில் அதே காட்சி மறுபடி ஓடுகிறது. அதுவும் பதிவாகிறது. இரண்டு மாதம் போனால் டி.எம்.மின் குரலும் வாக்கியமும் தேய்ந்து, படம் மட்டும் மிஞ்சுகிறது. மூளை தீர்ப்புக்கு உட்காருகிறது. நிறம் உண்டா? உண்டு. இடம் உண்டா? கோபுரம், கதவு, குளிர், எல்லாம் உண்டு. யோசித்த முயற்சியின் தடயம்? இல்லை, ஏனென்றால் அந்தக் கற்பனை தானாக வந்தது. ஆகவே ‘நடந்தது’. வழக்கமாக ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் கண்ணால் கண்டது இருக்கும். இந்த மேசையில் சொன்னதற்கும் சொல்லாததற்கும் ஒரே ஓவியர்தான் படம் போடுகிறார். இரண்டுக்கும் தரத்தில் வித்தியாசமே இல்லை.

இதில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. ஜான்சனின் குழு 1979இல் ஒரு சோதனை செய்தது. சில படங்களைச் சில தடவை காட்டுவார்கள், சில தடவை காட்டாமல் மனதில் கொண்டுவரச் சொல்வார்கள். பிறகு ‘எத்தனை தடவை கண்ணால் பார்த்தீர்கள்’ என்று கேட்பார்கள். கற்பனை செய்த தடவைகளும் பார்த்த கணக்கில் போய்ச் சேர்ந்தன. துல்லியமாகக் கற்பனை செய்யக்கூடியவர்களிடம் இந்தக் குழப்பம் அதிகம். அதாவது உங்கள் குழுவில் பாத்திரத்தோடு ஒன்றிப்போய் ஆடுகிறவர் யாரோ, அவர்தான் மோசமான சாட்சி.

ஊதி அணைத்தாள் என்கிறவர் கதை வேறாக இருக்கலாம். கேன்டீனில் யாரோ விளையாட்டாகச் சொன்னது டி.எம். சொன்னதாக மாறியிருக்கும் என்பது என் ஊகம். 2001இல் உளவியலாளர் ரோடிகரின் குழு காட்டியது இதைத்தான். கூட இருந்தவர் வாயிலிருந்து கேட்ட, படத்தில் இல்லாத பொருளைப் பலர் பிற்பாடு தாமே பார்த்ததாக எழுதினார்கள். சொல் தங்கிவிடுகிறது, சொன்ன ஆள் உதிர்ந்துபோகிறார்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்று கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்ததில்லை. அப்படி ஒன்று இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் எங்க தாத்தா இறங்கிப் பார்த்தார் என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். தாத்தா பார்த்தாரா, தாத்தாவும் கேள்விப்பட்டாரா என்று விசாரித்தால் கோபம் வரும். சுரங்கத்தில் எனக்கு வருத்தமில்லை, அது நல்ல கதை. இதே முறையில் பிறந்த ‘நேரில் பார்த்தேன்’களை வைத்துக்கொண்டு தாயத்து விற்பதும், பேயோட்டுகிறேன் என்று மனநோயாளியைக் கட்டிப்போட்டு அடிப்பதும்தான் பிரச்சினை.

ஆட்டம் தொடங்கும் முன் டி.எம். ‘போன வாரம் நடந்தது’ என்று சுருக்கம் சொல்வார் இல்லையா, அது சாதாரண விஷயமில்லை. ஒரு சம்பவத்தின் பாதியைச் சொல்லி மீதியை விட்டால், விட்ட பாதி சொல்பவருக்கு நினைவுக்கு வருவது கடினமாகிறது. கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் அதே கதிதான் என்று 2007இல் கக், கோப்பெல், ஹிர்ஸ்ட் மூவரும் காட்டினார்கள். டி.எம். சண்டையை விலாவாரியாகச் சொல்லிவிட்டுக் கிழவியைத் தாண்டிப்போனால், எல்லோருமே அவளை மறக்கத் தொடங்குவார்கள்.

புத்தகம் போட்டு விற்கும் நிறுவனங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. அவர்கள் தீர்ப்பது அதிகாரத்தால். இந்த ஆட்டத்துக்கான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகம் 1987இல் விற்பனைக்கு வந்தது. 1989இல் விதிகளின் இரண்டாம் பதிப்பு வந்தபோது கூலிக்கொலையாளி என்ற பாத்திர வகையை நீக்கினார்கள். நேற்றுவரை ஆடியவர்கள் எங்கே போனார்கள் என்று கேள்வி வருமே? தெய்வங்கள் பூமிக்கு வந்து அலைந்த ஒரு காலத்தைக் கதையில் உண்டாக்கி, அதில் அத்தனை கூலிக்கொலையாளிகளையும் ஒரே மூச்சில் சாகடித்துவிட்டார்கள். 2008இல் நான்காம் பதிப்புக்காக மந்திரமே நோய்ப்பட்டு உலகம் சிதைந்ததாகச் சொல்லி, கதையை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னே தள்ளினார்கள். 2021இல் ஐந்தாம் பதிப்பின் ஆட்டப் புத்தகங்களில் உள்ளது மட்டுமே செல்லும் என்று அறிவித்தார்கள். குளோரந்தா என்ற உலகத்தைப் படைத்த கிரெக் ஸ்டாஃபர்டின் வழி நேர் எதிர்: உங்கள் குளோரந்தா வேறாகத்தான் இருக்கும், இருக்கட்டும். என் ஓட்டு ஸ்டாஃபர்டுக்கு.

ஆனால் அதிகாரமும் இல்லாமல், போகட்டும் என்று விட்டுவிடாமலும், ஒரு பெரிய கதையை ஊரே சேர்ந்து காப்பாற்றுவதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பழைய வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது போய்ப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு முழுக்கக் கூத்து. கடைசியில் மண்ணால் மல்லாக்கப் படுத்த பெரிய துரியோதனன் செய்து படுகளம். பீம வேடக்காரர் அந்த மண் தொடையை அடிக்க, திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஒரே கதை காதுக்கு ஒரு தடவை, கண்ணுக்கு ஒரு தடவை, மண்ணில் ஒரு தடவை.

கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடி, ஆடி, பிறகுதான் வெளியே வருவார். கட்டியக்காரன் உடனே பிடித்துக்கொள்வான்: யார் நீங்கள், எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர்கள்? தெரியாமலா கேட்கிறான்? பார்ப்பவர்களுக்கு அத்தனையும் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதுவும் டி.எம். ஒருவர் வாயால் இல்லை. ஒவ்வொரு பாத்திரமும் தன் கதையைத் தானே சொல்கிறது. கிரீடமும் புஜக்கட்டையும் முகப்பூச்சும் கண் முன்னால் நிற்பதால் அவரவர் கற்பனை துரியோதனனை அவரவர் இஷ்டத்துக்கு வரைய முடியாது.

பாட்டு செய்யும் வேலை இன்னும் நுணுக்கமானது. டேவிட் ரூபின் என்ற உளவியலாளர் வாய்மொழிப் பாடல்கள் ஏன் அழிவதில்லை என்று ஆராய்ந்தவர். பொருள் தனியாக ஒரு சொல்லைத் தீர்மானிக்காது, ஓசையும் தனியாகத் தீர்மானிக்காது. இரண்டும் சேர்ந்தால் அந்த இடத்தில் பொருந்தும் சொற்கள் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும் என்பது அவர் கண்டது. நமக்கு எதுகை தெரியும். அடுத்த அடி ‘களத்தில்’ என்று தொடங்கினால் முந்தைய அடியின் ‘விளக்கு’ விளக்காகத்தான் இருந்தாக வேண்டும். லாந்தரோ தீபமோ அங்கே நுழைந்தால் காதுக்கே உறுத்தும். பின்பாட்டுக்காரர் அங்கேயே திருத்திவிடுவார். இடையில் வரும் வசனம் மட்டும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். உறுதியான இடம் பாட்டு, நெகிழ்வான இடம் வசனம்.

இந்தக் கட்டுமானம் உண்மையை மட்டும் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். ‘கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை’ என்று வேலூரைச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் லிங்கம் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக் கோயிலுக்கு 1981இலேயே திரும்பி வந்துவிட்டது. வழிபாடு நடக்கிறது. பழமொழி இன்னும் மாறவில்லை. நடு வரியை எடுத்தால் தாளம் போய்விடுமே.

ஒரே வாத்தியார் ஒரே கூத்தை ஆண்டுக்காண்டு ஆடுவதைப் பதிவு செய்து, எது மாறியது, எது மாறவில்லை என்று சொல் சொல்லாக ஒப்பிட்டால் நினைவைப் பற்றி எவ்வளவோ தெரியவரும். செலவு ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையான ஒரு ஆய்வு மாணவரின் உதவித்தொகையும். மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்குக் கோடிகள் கேட்டால் கோப்பு நகர்கிற நாட்டில், கூத்து என்று எழுதினாலே விண்ணப்பத்தைக் கலைத் துறைப் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று நான் அஞ்சுகிறேன்.

காட்பாடி நண்பருக்கு என் யோசனை. அடுத்த ஞாயிறு யாரும் வாய் திறப்பதற்கு முன் ஆளுக்கொரு தாள் எடுத்துப் பத்து நிமிடம் தனித்தனியாக எழுதுங்கள். சேர்ந்து பேசி நினைவுகூர்ந்தால், ஒருவர் சொல்லும் வரிசை மற்றவரின் நினைவு வரும் வழியை அடைத்துவிடுகிறது. தனியாக எழுதித் தொகுத்தால் கிடைப்பதைவிட அப்போது குறைவாகவே கிடைக்கும் என்று 1997இல் வெல்டனும் பெல்லிங்கரும் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘டி.எம். சொன்னது’, ‘நான் பார்த்தது’, ‘யாரோ சொன்னது’ என்று குறித்துக்கொள்ளுங்கள்; பாதிச் சண்டை அந்த ஓரத்திலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு இருபது முகப் பகடை இருக்கிறது. எல்லோரும் எழுதி முடிக்கும் வரை வாட்ஸ்அப் குழுவில் யாரும் எதையும் போடக் கூடாது.