கார்புரேட்டரைக் கழற்றும் முன் ஸ்பார்க்கைப் பாருங்கள்

குட்டியானையில் ஏற்றி இன்னொரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வந்து இறங்கியிருக்கிறது. கார்புரேட்டர் புதுசு, ஸ்பார்க்கைத் தூண்டிவிடும் சிடிஐ பெட்டி புதுசு, இக்னிஷன் காயில் புதுசு, பிளக்கும் புதுசு. குடியாத்தத்தில் ஒரு கடை, காட்பாடியில் ஒரு கடை என்று சுற்றிவிட்டு, "இன்னா பண்ணாலும் ஸ்டார்ட் ஆவலணா" என்று கொண்டுவந்து நிறுத்துகிறார் வண்டிக்காரர். கோளாறு ஹெட்லைட் டூமுக்குள் இருந்தது. சாவி சுவிட்சுக்குப் போகிற கருப்பு-வெள்ளை வயர் தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு துண்டு ஸ்லீவ் போட்டதும் இரண்டாவது உதையில் வண்டி ஓடியது. கழற்றிய ஒரிஜினல் மிக்குனி கார்புரேட்டர் எங்கே என்று கேட்டால், பழசுதானே என்று அந்தக் கடையிலேயே விட்டுவிட்டாராம்.

இதுதான் பொறுக்க முடியவில்லை. இந்த வண்டி நம் நாட்டில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. அதோடு வந்த கார்புரேட்டர் போனால் போனதுதான். இன்று அதே உருவத்தில் விற்கிற டூப்ளிகேட்களில், பெட்ரோலை அளந்து விடும் ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் துண்டான ஜெட் மேல் ஒரு நம்பர் இருக்கும், ஓட்டை வேறு அளவாக இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் ஏறி இறங்கும் ஸ்லைடு முதல் நாளே ஆடும். நல்ல பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் போட்ட பிறகு, அடுத்த ஆறு மாதம் வண்டிக்கு நிஜமாகவே கார்புரேட்டர் கோளாறு இருக்கும்.

வண்டி நின்றால் கார்புரேட்டர் என்று எல்லோருக்கும் ஏன் தோன்றுகிறது? கழற்றி ஊதி மாட்டினால் பல நேரம் வண்டி ஓடிவிடுகிறது, அதனால்தான். ஆனால் அந்த நேரத்தில் வேறு என்னென்ன நடந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. கார்புரேட்டரைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் இன்ஜின் ஆறிவிடுகிறது. சூட்டில் அறுந்துபோயிருந்த காயில் ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்கிறது. டேங்கைத் தூக்கும்போது வயரிங் அசைகிறது, தளர்ந்த கப்ளர் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கிறது. டேங்க் மூடியைத் திறந்து மூடியதில் உள்ளே காற்று போய்விடுகிறது. இதில் எது நடந்திருந்தாலும் பெயர் வாங்குவது கார்புரேட்டர். மறுநாள் சத்துவாச்சாரி தாண்டியதும் வண்டி மறுபடி நிற்கும். மறுபடி அதையே கழற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் பித்தளை மரை கொஞ்சம் தேயும், ஸ்குரூ தலை கொஞ்சம் வழுக்கும். வண்டி நின்ற அந்த நிமிடத்தில் பார்க்காத எந்தச் சோதனையும் பாதி வீண்.

நின்ற உடனே செய்ய வேண்டியது

பையில் எப்போதும் ஒரு நல்ல பிளக்கும் பிளக் ஸ்பேனரும் வைத்திருங்கள். வண்டி நின்றதும் பெட்ரோல் காக்கை மூடுங்கள். பிளக் மூடியை உருவி, கையில் இருக்கும் ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை சிலிண்டர் ஹெட் ஃபின்னில் அழுத்தி வைத்து கிக்கரை உதையுங்கள். நீலமாக, சட் சட் என்று வந்தால் ஸ்பார்க் சரி. மஞ்சளாக, மெலிசாக, விட்டுவிட்டு வந்தால் இல்லாததற்குச் சமம்.

வண்டியில் இருக்கும் பிளக்கை அப்போது கழற்றாதீர்கள். கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி பறக்கும். குப்பென்று பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் ஒழுகும் வண்டியில் ஸ்பார்க் சோதிக்கவே வேண்டாம், முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். இன்னொன்று, வயரைக் காற்றில் பிடித்துக்கொண்டு "கரண்ட் எவ்வளவு தூரம் பாயுது பார்" என்று உதைப்பது. போக வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போகும், சிடிஐயையும் கெடுக்கும். இருந்த ஒரு கோளாறோடு இரண்டைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

ஸ்பார்க் இருக்கிறதா? பிறகு பெட்ரோல் காக்கைத் திறந்து, கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் ட்ரெயின் ஸ்குரூவைத் தளர்த்திப் பாருங்கள். பெட்ரோல் வரவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, வண்டி ஓடிவிட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சில கிலோமீட்டர் ஓடி நிற்கும், பத்து நிமிடம் விட்டால் ஓடும். காயில் சூட்டில் போகிற வண்டியும் அப்படியேதான் நடந்துகொள்ளும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒரு நிமிடச் சோதனை மட்டும்தான்.

ஸ்பார்க் இல்லையென்றால்

சிடிஐயை மாற்ற ஓடாதீர்கள். சிடிஐ கப்ளரில் கருப்பு-வெள்ளை வயரை மட்டும் பிரித்துவிட்டு உதையுங்கள். சாவியை மூடும்போது அந்த வயர்தான் எர்த் ஆகி ஸ்பார்க்கை நிறுத்துகிறது. பிரித்ததும் ஸ்பார்க் வந்தால் சிடிஐ, காயில், இன்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் மேக்னட் எல்லாம் நலம். கோளாறு சாவி சுவிட்சிலோ வழியில் உரிந்த வயரிலோ இருக்கிறது. சோதனைக்கு மட்டும் இப்படி. பிரித்த நிலையில் சாவியால் இன்ஜின் நிற்காது, கியரில் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். அப்படியே ஓட்டிக்கொண்டு திரிவது ஆபத்து.

அடுத்தது எர்த். யமஹாவில் கருப்பு வயர், ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்றவற்றில் பச்சை. இப்போது பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எர்த் டேக் உட்காரும் இடத்திலும், காயில் பிராக்கெட் உட்காரும் இடத்திலும், இன்ஜின் போல்ட் வழியிலும் அந்தப் பூச்சு தடிமனாக இருந்தால் கரண்ட் எப்படித் திரும்பும்? பளபளவென்று புதுப்பித்து ஓடாமல் நிற்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அந்தச் சின்ன வட்டத்தை மட்டும் எமரி தாளால் தேய்த்து இரும்பைக் காட்டுங்கள். இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு வராது.

சூட்டில் மட்டும் நிற்கிற வண்டிக்கு மல்டிமீட்டர் வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயிலையும், கரண்ட் தரும் சோர்ஸ் காயிலையும் கப்ளரிலேயே அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நின்ற உடனே மறுபடி அளங்கள். சூட்டில் ஓம் கொஞ்சம் கூடுவது செம்பின் இயல்பு. எண்ணே வராமல் திறந்த சர்க்யூட் காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திர நாட்களிலும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை முதல் கியரில் ஏறும்போதும்தான் இது வெளியே வரும். மலை ஏறும்போது நின்றது என்பதற்காக ஜெட்டை மாற்றச் சொல்கிறார்கள். ஏலகிரி ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம்தான், அதற்கு ஜெட் மாற்றத் தேவையில்லை. காயில் மாற்ற மேக்னட்டைக் கழற்றுவதாக இருந்தால் புல்லர் போட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சுத்தியலை எடுக்கும் கடையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ் 100-இல் ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் மேக்னட்டிலிருந்தே வருகிறது. பேட்டரி செத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குப் புது பேட்டரி வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள். அதற்காகப் பேட்டரி இல்லாமலே ஓட்டுவதும் தவறு, இண்டிகேட்டர் பல்பும் பிரேக் பல்பும் அடிக்கடி போகும். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 காட்ட வேண்டும், இன்ஜினை ஏற்றிப் பிடித்தால் 13.5-இலிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஐடிலிங்கில் ஹெட்லைட் மங்குவது கோளாறே இல்லை.

இனி கார்புரேட்டர்

ஸ்பார்க் சரி, பெட்ரோல் கிண்ணம் வரை வருகிறது, பிறகும் ஓடவில்லை என்றால் தாராளமாகக் கழற்றுங்கள். ஆனால் எந்த ஜெட் என்று தெரிந்து கழற்றுங்கள். சோக் இழுத்தால் மட்டும் ஓடி, சோக் விட்டதும் அணைந்தால் பைலட் ஜெட். ஐடிலிங் நன்றாக இருந்து, ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் திறக்கும்போது திக்கினால் மெயின் ஜெட். நடுவில் மட்டும் திக்கினால் ஸ்லைடு ஊசியும் அதன் கிளிப்பும். சோக் போட்டு உதைக்கும்போது ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது என்பதையே பலர் கடைப்பிடிப்பதில்லை. திருகினால் சோக் வேலை செய்யாது.

ஜெட்டில் ஊக்கு, குண்டூசி, கிளட்ச் கேபிள் இழை, எதையும் விடாதீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஜெட் பித்தளை, இழை எஃகு. பார்வைக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், அந்த ஜெட் மேல் உள்ள நம்பருக்கு அதன்பின் அர்த்தமில்லை. கார்புரேட்டர் கிளீனரில் சில மணி நேரம் ஊறவைத்து, ஏர் கம்ப்ரசரால் ஊதுங்கள். பிடிவாதமாக அடைத்திருந்தால் நைலான் தூண்டில் நரம்பு. ஊதும்போது ஃப்ளோட்டையும் ரப்பர்களையும் முதலில் கழற்றிவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிய பிறகு, ஏர் ஸ்குரூவை மெதுவாக முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே விடுங்கள். அது தொடக்கம்தான். இன்ஜின் நன்றாகச் சூடானதும் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, ஐடில் ஸ்குரூவால் வேகத்தைக் குறையுங்கள். இந்த டூ ஸ்ட்ரோக்கில் ஏர் ஸ்குரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே விட்டால் குறையும். மைலேஜுக்காக வெளியே விட்டுக்கொண்டே போனால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் உடனே இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் அது கார்புரேட்டர் இல்லை. எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜின் வாயிலில் இருக்கும் ரீடு வால்வுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கும், இல்லையென்றால் மேக்னட் பக்க ஆயில் சீல் போயிருக்கும். ரப்பர் ஜாயின்ட் மேல் சிரிஞ்சில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சத்தம் மாறினால் அங்கேதான். பெட்ரோல் தெளித்துச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓடும் இன்ஜின் மேல் பெட்ரோல் தெளிக்காதீர்கள்! காற்று இழுக்கும் வண்டியை அப்படியே ஓட்டவும் கூடாது, போர் (சிலிண்டரின் உள்சுவர்) கீறிவிடும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும், அதற்கும் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய பெட்ரோல் குழாய் ஊறி வீங்கும், ஃப்ளோட் கிண்ண கேஸ்கெட் உப்பும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அடைமழை மாதங்களில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேரும், டேங்க் உள்ளே துரு கிளம்பும். குழாயையும் கேஸ்கெட்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். ஒரு முறை கிண்ணத்தைக் கண்ணாடி டம்ளரில் வடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். பிளக் முனை வெளுத்தே இருந்தால் மெயின் ஜெட் ஒரு நம்பர் ஏற்ற வேண்டும். பிளக் இடைவெளி 0.6-இலிருந்து 0.7 மில்லிமீட்டர்.

ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் அட்டை வெள்ளித் தாள் சுற்றாதீர்கள். பெட்ரோல் டேங்குக்கு அடியில்தான் அந்த வயரிங் ஓடுகிறது. 35 வாட் இருந்த இடத்தில் 90 வாட் பல்ப் போடாதீர்கள், ஹோல்டர் உருகும், மேக்னட்டுக்கும் அவ்வளவு சக்தி இல்லை. வாட்டர் வாஷ் விடும்போது பிளக் மூடி, சிடிஐ கப்ளர், ஏர் ஃபில்டர் மூன்றிலும் பிரஷர் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் கவர் கட்டச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் பாலாற்றங்கரைத் தூசியெல்லாம் போருக்குள்தான் போகும்.

கம்மவான்பேட்டை, அணைக்கட்டு பக்கமெல்லாம் ராணுவத்தில் இருக்கும் தம்பிகளின் வண்டிகள் மாதக்கணக்கில் கூடத்தில் நிற்கின்றன. லீவு முடிந்து கிளம்பும் முன் பெட்ரோல் காக்கை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் ட்ரெயினையும் திறந்து வடித்துவிடுங்கள். டேங்கை முழுதாக நிரப்புங்கள், பாதி டேங்கில்தான் துரு பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். திரும்பி வந்ததும் உதைப்பதற்கு முன் பழைய பெட்ரோலை வடித்துப் புதுசு ஊற்றுங்கள். இன்ஜினுக்கு டூ-டி ஆயில் தள்ளும் ஆட்டோலூப் பம்ப் குழாயில் காற்றுக் குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குமிழி போகும்வரை பம்பில் காற்றை வெளியேற்றுங்கள். அப்படியும் முதல் ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி டூ-டி ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள். பம்ப் ஆயில் தள்ளுவது உறுதியாகும்வரை அந்தக் கலவைதான் பிஸ்டனைக் காப்பாற்றும்.