இடைவேளைக்குப் பிறகு படம் ஏன் படுத்துவிடுகிறது?

தருமபுரியில் இரவுக் காட்சி விட்டு வெளியே வருகிறவர்களை நிறுத்தி, படம் எப்படி என்று கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்." வெள்ளிக்கிழமை படம் பார்த்துவிட்டு நாலு பேருக்கு அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் எனக்கும் உண்டு. காசு வாங்காத விமர்சகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே வரியை நானும் எத்தனையோ திகில் படங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். திரைக்கதை ஓட்டை, தேவையில்லாத பாட்டு, இழுத்துக்கொண்டே போகும் க்ளைமாக்ஸ் என்று காரணங்களும் கைவசம் இருக்கும். ஆனால் திகில் படம் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கப் படிக்க, பழியில் ஒரு பங்கைப் பாப்கார்ன் கவுன்டருக்கும் கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஜெர்மனியில் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தார், ஒரு தியேட்டரிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் கருவியைப் பொருத்தி, படம் ஓட ஓட அந்தக் காற்றில் என்னென்ன இருக்கிறது என்று அளந்தார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், 9,500க்கு மேற்பட்ட பார்வையாளர்கள். 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே படத்தை வேறு வேறு நாளில் வேறு வேறு கூட்டம் பார்த்தபோதும், காற்றின் வரைபடம் ஒரே இடங்களில் எகிறியது. பதற்றமான காட்சிகளிலும், அதேபோல் சிரிப்புக் காட்சிகளிலும் அந்த ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது.

எகிறியவற்றில் இரண்டு பொருள்கள் முக்கியம். ஒன்று, மூச்சு வேகமானால் கூடும் கரியமில வாயு. மற்றொன்று ஐசோப்ரீன். இது நம் தசைகளில் தங்கியிருக்கும். தசை இறுகினாலோ அசைந்தாலோ ரத்தத்துக்குப் போய், நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறிவிடும். சீட்டின் கைப்பிடியை நாம் இறுக்கிப் பிடிக்கிறோம், முதுகு நிமிர்கிறது, கால் தரையில் ஊன்றுகிறது. எதுவும் நாம் யோசித்துச் செய்வதில்லை. ஓடவோ சண்டை போடவோ உடம்பைத் தயார் செய்யும் பழைய நரம்பமைப்பு ஒன்று உண்டு. திரையில் இருப்பது வெறும் வெளிச்சம்தான் என்று தெரிந்திருந்தும் அது கொஞ்சம் தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. "விறுவிறுப்பு" என்று நாம் எழுதுவதெல்லாம் இதைத்தான்.

சரி, இந்தத் தயார்நிலையை எப்படி வரவழைப்பது? எடிட்டிங்கில் காட்சிகளை வேகமாக வெட்டி வெட்டிக் காட்டினால் வரும் என்று இப்போதைய படங்கள் பல நினைக்கின்றன. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960களில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன விளக்கம் இதற்கு நேர்மாறானது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவனுக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதையும், இன்னும் எவ்வளவு நேரத்தில் வெடிக்கும் என்பதையும் முன்கூட்டியே காட்டிவிட்டு அதே அரட்டையை ஓடவிட்டால் 15 நிமிடப் பதற்றம். மறைத்தால் கிடைப்பது அதிர்ச்சி, சொல்லிவிட்டுக் காக்க வைத்தால் கிடைப்பது பதற்றம்.

2015இல் வந்த 'பாபநாசம்' இந்தக் கணக்கைச் சரியாகப் போட்ட படம். கொலையை யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று நமக்கு எல்லாம் தெரியும். போலீசுக்குத் தெரியாது. அதனால் சாதாரணக் கேள்விக்குச் சின்னப்பெண் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தாலே நமக்கு அடிவயிறு கலங்குகிறது. துரத்தல் இல்லை, பறக்கும் கார் இல்லை. 2023இல் வந்த 'போர் தொழில்' கொலைகாரனைத் தேடும் படம்தான். ஆனால் என் கணிப்பில், கொலைகாரன் யார் என்ற கேள்வியைவிட, தேடப்போகும் புது அதிகாரி பயந்த சுபாவக்காரன் என்பதுதான் அதைத் தூக்கி நிறுத்தியது. எதற்கும் அஞ்சாத ஹீரோ இருட்டு வீட்டுக்குள் போனால் நமக்கென்ன கவலை? அவரே பார்த்துக்கொள்வார்.

இந்த விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திரௌபதி அம்மன் கோவில்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம். களிமண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், அதன்மேல் ஏறியும் ஓடுவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும், கூட்டம் அசையாது. துரியோதனன் தொடையில் அடிபட்டுத்தான் சாவான், பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள் என்று அங்கே இருக்கும் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போன வருடமும் அப்படித்தான் செத்தான். ஆனாலும் வீமன் கதையை ஓங்கும் அந்த நொடியில் பாட்டிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறார்கள்.

முடிவு தெரிந்த கதையில் பதற்றம் எப்படி வருகிறது என்பது உளவியலில் பழைய புதிர். ரிச்சர்ட் ஜெரிக் என்ற அமெரிக்க உளவியலாளரின் விளக்கம் எனக்குப் பிடித்தது. வாழ்க்கையில் எந்தச் சம்பவமும் அச்சு மாறாமல் இரண்டு முறை நடப்பதில்லை. அதனால் கண்முன் நடப்பதைப் புதிதாக நடப்பதாகவே எடுத்துக்கொள்ள மனம் பழகியிருக்கிறது. 'இது ஏற்கெனவே பார்த்ததுதானே' என்ற அறிவு அந்த நேரத்தில் உதவிக்கு வருவதில்லை.

அப்படியானால் ஸ்பாய்லருக்கு இத்தனை சண்டை எதற்கு? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கதையை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். திருப்பம் உள்ள கதைகளிலும் அப்படியே. 2015இல் வேறு இருவர் செய்த ஆய்வில் முடிவு தெரியாதவர்களுக்குத்தான் சுவாரசியம் கூடியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நான் எடுத்திருக்கும் நிலை இதுதான்: ஒரே ஒரு ட்விஸ்டை நம்பி எடுத்த படத்தை ஸ்பாய்லர் கொன்றுவிடும், பதற்றத்தை நம்பி எடுத்த படத்துக்குக் கீறல்கூட விழாது. எனவே ட்விஸ்டை வெளியே சொல்லாதீர்கள் என்று படக்குழு ரொம்பக் கெஞ்சினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பதற்றம் வரவழைக்கத் தெரியாதவர்கள் கையில் எடுப்பது சத்தம். அமைதியான காட்சி, கதவு மெல்லத் திறக்கிறது, டமார். தூக்கிவாரிப்போடுகிறது. பார்த்தால் பூனை. இதில் கலை ஒன்றுமில்லை. திடீரென உயரும் பெரிய ஒலி காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்தே தசைகளுக்கு உத்தரவாக இறங்கிவிடுகிறது. சிந்திக்கும் மேல்மூளையை அது கேட்பதேயில்லை. கண் இமை மூடத் தொடங்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. யார் தட்டினாலும் வேலை செய்யும் அனிச்சைச் செயல் இது. அதோடு, திரும்பத் திரும்பத் தட்டினால் மழுங்கியும் போகும். நாலாவது டமாரில் பின்வரிசைப் பையன்கள் சிரிக்க ஆரம்பிப்பது அதனால்தான். ஒரு விஷயம் மட்டும் இயக்குநருக்குச் சாதகம்: ஏற்கெனவே பயந்திருக்கும் உடம்பு அதே சத்தத்துக்கு இன்னும் பலமாகத் துள்ளும். முன்னால் பதற்றத்தைக் கட்டி வைத்திருந்தால் ஒரே ஒரு டமார் போதும்.

அலறலின் கதை வேறு. டேனியல் ப்ளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர் மார்மோட் என்னும் பெரிய தரை அணில்களின் எச்சரிக்கைக் குரலை ஆராய்கிறவர். உயிர்ப்பயத்தில் கத்தும்போது தொண்டை தாங்கும் எல்லையைத் தாண்டிக் குரல் உடைந்து கரகரத்துப்போகும். கேட்கிற விலங்குகளால் அதைச் சட்டை செய்யாமல் இருக்க முடியாது. 2010இல் அவரும் சகாக்களும் நூற்றுக்கு மேற்பட்ட படங்களின் ஒலித்தடத்தை ஆராய்ந்தபோது, திகில் படங்களில் இத்தகைய உடைந்த ஒலிகள் கூடுதலாக இருந்தன. வயலினைக் கீறிக் கீறி வாசிக்க வைக்கும் பின்னணி இசையும் இந்த வகைதான்.

வெட்டு விஷயத்துக்கு வருவோம். யூரி ஹாசன் என்ற மூளை ஆய்வாளரும் சகாக்களும் ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துப் படம் காட்டினார்கள். எல்லோருடைய மூளையும் எந்த அளவுக்கு ஒரே தாளத்தில் இயங்குகிறது என்பதுதான் கேள்வி. 2008இல் வந்த கணக்கு: நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் கேமராவை வைத்துவிட்டுச் சும்மா எடுத்த காட்சிக்கு, மூளைப் புறணியில் 5 சதவீதத்துக்கும் குறைவான பரப்பே ஒத்துப்போனது. ஹிட்ச்காக்கின் 1961ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிக் கதை ஒன்றுக்கு 65 சதவீதம். விளையாட்டுத் துப்பாக்கி என்று நினைத்து ஒரு சிறுவன் நிஜத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிகிற கதை அது. அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மறுபடியும் அந்த மேசைக்கடிக் குண்டுதான். எந்த நொடியில் நாம் எங்கே பார்க்க வேண்டும், என்ன நினைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வெட்டும் முடிவு செய்துவிடுகிறது.

ஜப்பானில் 2009இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கை. நகைச்சுவைப் படம் பார்த்தவர்கள் கண் சிமிட்டுவதுகூட ஒரே நேரத்தில் நடந்தது. ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எல்லோரும் சேர்ந்து சிமிட்டினார்கள். இடைவெளியே தராமல் வெட்டிக்கொண்டே போகும் சண்டைக் காட்சிக்குப் பிறகு எனக்குக் கண் எரிவதற்கு இதுதான் காரணமோ என்று நினைத்துக்கொள்வேன். ஒன்று சொல்ல வேண்டும், மூளைகள் ஒத்து ஓடினால் படம் நல்ல படம் என்று பொருள் இல்லை. கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுப்பாட்டை வைத்து நம்மை ஏமாற்றவும் செய்யலாம். 'மகாராஜா' (2024) அதைச் செய்தது. அடுத்தடுத்து வரும் காட்சிகள் ஒரே காலத்தில் நடப்பதாக நாம்தான் முடிவு கட்டிக்கொள்கிறோம். படம் அப்படி எங்கேயும் சொல்வதில்லை. நித்திலன் சாமிநாதன் அந்தப் பழக்கத்தை வைத்தே கதை பின்னினார். திருப்பம் உடையும்போது புதுத் தகவல் கிடைப்பதைவிட, பார்த்த காட்சிகளெல்லாம் தலைக்குள் இடம் மாறி அடுக்கப்படுவதுதான் சுகம். எனக்குப் பிடித்த இடம் அது. வன்முறையைக் காட்டிய விதம் பிடிக்கவில்லை.

குடும்பப் படங்களில் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 'மெய்யழகன்' (2024) படத்தில் கொலையும் இல்லை, குண்டும் இல்லை. தன்மேல் உயிரையே வைத்திருக்கும் உறவுக்காரனின் பெயர் ஒருவருக்கு நினைவில் இல்லை. கேட்கவும் கூச்சம். நமக்கும் தெரியாது. அந்தப் பெயரில்லாத அன்பின் கீழே உட்கார்ந்திருக்கும் சங்கடம் எனக்கு எந்தத் துப்பாக்கிக் காட்சிக்கும் குறைந்ததாகப் படவில்லை. அழவைக்கும் படங்கள் உடம்பில் வேறொரு வேலையும் செய்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பர் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், உருக்கமான படம் பார்த்தவர்களையும் சாதாரண ஆவணப்படம் பார்த்தவர்களையும் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருப்பதுபோல் உட்காரச் சொன்னார்கள். உருகியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியிருந்தது, கூடப் பார்த்தவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநீக்கி இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து.

இப்போது பாப்கார்ன் கவுன்டர். டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டிய விஷயம் இது: உடம்பின் கிளர்ச்சி அதற்குக் காரணமான சம்பவம் முடிந்ததும் அடங்கிவிடாது. சில நிமிடங்கள் மிச்சம் நிற்கும், அடுத்து வரும் உணர்ச்சி எதுவானாலும் அதோடு சேர்ந்துகொள்ளும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போகும் லாரி தடுமாறி, நம் டிரைவர் எப்படியோ ஒதுக்கி ஓட்டிவிட்டால், அடுத்த கடையில் குடிக்கிற டீ அமிர்தமாக இருக்கும். டீ என்னவோ வழக்கமான டீதான். திகில் படத்தில் ஹீரோ தப்பித்ததும் வரும் நிம்மதி அத்தனை பெரிதாக இருப்பதும், முந்தைய காட்சியின் மிச்சம் அதில் சேர்வதால்தான். நல்ல திரைக்கதை இந்த மிச்சத்தை வீணாக்காமல் காட்சிக்குக் காட்சி கடத்தும்.

நம் தியேட்டரில் என்ன நடக்கிறது? படத்தின் பெரிய திருப்பத்தைச் சரியாக இடைவேளைக்கு வைக்கிறார்கள். உடம்பு உச்சத்தில் இருக்கும்போது விளக்கு எரிகிறது. சமோசா வரிசை, கழிப்பறை வரிசை, வீட்டுக்கு ஒரு போன், நகைக்கடை விளம்பரம். திரும்பி வந்து உட்காரும்போது கதை நினைவிருக்கிறது, கிளர்ச்சி வடிந்துவிட்டது. வெளிநாட்டுப் படங்களின் பாடு இன்னும் மோசம். இடைவேளையை நினைத்தே எடுக்காத படத்தை இவர்கள் தோன்றிய இடத்தில் நிறுத்துவார்கள், சில சமயம் வசனத்தின் நடுவிலேயே.

ஆக, இரண்டாம் பாதி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது. இது என் ஊகம்தான் என்றாலும், மேலே சொன்னவற்றோடு பொருந்துகிறது. முதல் பாதியின் அதே வேகத்தில் ஓடினாலும், வடிந்துபோன உடம்புக்கு அது மெதுவாகத்தான் படும். இது தெரிந்த இயக்குநர் இடைவேளைக்குப் பிந்தைய முதல் காட்சியிலேயே புதுக் குண்டு ஒன்றை மேசைக்கடியில் வைத்துவிடுவார். தெரியாதவர் வில்லனின் சின்ன வயது ஃப்ளாஷ்பேக்கை வைக்கிறார். பள்ளியில் கேலி செய்தார்கள், அப்பா பெல்ட்டால் அடித்தார், நாய்க்குட்டி செத்தது என்று இருபது நிமிடம். அதில் தகவல் நிறைய இருக்கும், ஆபத்தில் மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள். கடந்த சில வருடத் தமிழ்த் திகில் படங்களில் என் பொறுமையை அதிகம் சோதித்தது இந்த ஃப்ளாஷ்பேக்தான். அது ஓடும்போது பால்கனி பின்வரிசையிலிருந்து கீழே எட்டிப் பாருங்கள், வரிசைக்கு நாலு செல்போன் திரையாவது மின்னிக்கொண்டிருக்கும்.