வெப்பச் சாவா, அண்ட ஆறலா?

எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறு பிற்பகலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவியல் பேசுவது வழக்கம். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவு. ஒருநாள் அண்டத்தின் முடிவு பற்றிப் பேச்சு வந்தது. ‘வெப்பச் சாவு’ என்று பலகையில் எழுதினேன். சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டுவிட்டான்: “அப்பம் சூடு தாங்காம எல்லாம் செத்துப்போவுமா மாமா?”

அவன்மேல் தப்பில்லை. வெப்பச் சாவு என்பது வேற்றுமைத் தொகை. உருபு மறைந்து கிடக்கிறது. மூன்றாம் வேற்றுமையாக விரித்தால் வெப்பத்தால் வரும் சாவு. சித்திரை வெயிலில் மயங்கி விழுவது மாதிரி. ஆறாம் வேற்றுமையாக விரித்தால் வெப்பத்தினது சாவு. பையன் முதலாவதை எடுத்துக்கொண்டான், அறிவியலார் சொல்வது கிட்டத்தட்ட இரண்டாவதை. ஆங்கிலத்தின் ‘ஹீட் டெத்’திலும் ஜெர்மனின் ‘வேர்மெடோட்’டிலும் (வேர்மெ வெப்பம், டோட் சாவு) இதே குழப்பம் உண்டு. நாம் சொல்லோடு சேர்த்துக் குழப்பத்தையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

கருத்து பிறந்த இடம் நீராவி எந்திரம். எரித்த கரியின் சூடு முழுதும் வேலையாக மாறுவதில்லை, ஒரு பங்கு வீணாகச் சிதறுகிறது, சிதறியதைத் திரும்பக் கூட்டிச் சேர்க்க வழியில்லை. இது ஓர் எந்திரத்தின் குறையல்ல, இயற்கை முழுதுக்குமான போக்கு என்று 1852இல் எழுதினார் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். இரண்டே ஆண்டில் ஜெர்மன் அறிவியலார் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓர் உரையில் அதை அண்டத்தின் கடைசிவரை நீட்டிப் பார்த்தார். 1865இல் இன்னொரு ஜெர்மானியர் கிளாசியுஸ் இரண்டு வரியில் முடித்துவைத்தார்: உலகின் ஆற்றல் மாறாதது, உலகின் என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு) உச்சத்தை நோக்கிப் போகிறது.

பிள்ளைகளிடம் இந்த இரண்டு வரியைச் சொன்னால் கொட்டாவிதான் வரும். அதனால் முப்பந்தலுக்குக் கூட்டிப் போனேன், பேச்சில்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை ஏன் சுற்றுகிறது? காற்று இருப்பதால் என்றார்கள். காற்று இந்த அறையிலும்தான் இருக்கிறது, மூலையில் கிடக்கும் காகிதக் காற்றாடி ஏன் சும்மா நிற்கிறது? கொஞ்சம் யோசித்து, ஒரு பெண்பிள்ளை, “அங்க ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு, அதான் ஓடுது” என்றாள். அதேதான். ஒரு பக்கம் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு. கோதையாற்றில் மின்சாரம் எடுப்பதும் அப்படியே: மேலே தண்ணீர், கீழே பள்ளம். மேடும் பள்ளமும் சமமாகிவிட்டால் தண்ணீர் ஒரு சொட்டும் குறைந்திருக்காது, ஆனால் டர்பைன் அசையாது. சூட்டிலும் இப்படி ஏற்றத்தாழ்வு உண்டு. சூரியன் சூடு, சுற்றியுள்ள வெளி குளிர். அந்த வித்தியாசத்தில்தான் மழையும் மரமும் நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம். எல்லா இடமும் ஒரே சூடானால்? ஆற்றல் அங்கேயே கிடக்கும், எதுவும் நடக்காது. வெப்பச் சாவு என்பது அவ்வளவுதான்.

சரி, இதற்குப் பொருத்தமான தமிழ் எது? ‘வெப்பச் சமநிலை’ பிழையில்லாத சொல். ஆனால் வாளித் தண்ணீரில் போட்ட இரும்புத் துண்டுக்கும் பாடத்தில் அதையே சொல்கிறோம். அண்டத்தின் அளவு அதில் தெரியவில்லை. ‘அண்ட ஓய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். பென்ஷன் நினைவு வந்தது, அழித்துவிட்டேன். ‘பிரளயம்’ என்றாலே இங்குள்ள பிள்ளைகளுக்குக் கண்முன் வெள்ளம்தான் வரும். குளச்சலிலும் மணக்குடியிலும் 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்.

‘ஊழி’ மேல் எனக்கு ஆசை அதிகம். ‘ஊழி பெயரினும் தாம்பெயரார்’ என்று குறளில் வருகிற சொல். எங்கள் ஊரில் அதற்கு ஒரு சிக்கல்: ஊழி என்றதும் ஒரு பிள்ளை, “சர்ச்சுல ஊழியம் செய்வாங்களே, அதா?” என்றது. அது வேறு சொல் என்று விளக்கலாம்தான். உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஊழ் என்றால் முறை. களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் இன்றும் ‘ஊழம்’ என்றால் ஒருவருக்கு வருகிற முறைதான். ஊழிக்குள்ளும் அந்த முறை இருக்கிறது. ஒன்று போனால் அடுத்தது வரும். பரிபாடலின் இரண்டாம் பாட்டு வானம், காற்று, தீ, நீர் என்று ஊழிகளை வரிசையாகவே அடுக்குகிறது. வெப்பச் சாவுக்கு அடுத்த முறை கிடையாது. அதனால் ஊழி இங்கே பொருந்தாது.

விடை சாயாக் கிளாசில் இருந்தது. இடைவேளைக்கு வந்த கட்டன்சாயாவை ஒருவன் குடிக்க மறந்துவிட்டான். “ஆறிப்போச்சுல்லா” என்று முகம் சுளித்தான். ஆறுதல்! சூடு தணிவதற்கு நாம் நித்தமும் சொல்கிற சொல். சோறு ஆறும், கோபம் ஆறும் (‘ஆறுவது சினம்’ என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்தாயிற்று), புண்ணும் ஆறும். எல்லாவற்றிலும் பொருள் ஒன்றே: மிஞ்சி நின்றது அடங்கிச் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போவது. சாவு என்பதில் உள்ள அச்சமும் இதில் இல்லை.

‘அண்ட ஆறுதல்’ என்றே வைத்திருப்பேன். ஆனால் அடக்க வீட்டில் நடக்கும் ஆறுதல் ஜெபம் போல ஒலிக்கிறது. ஆகவே ‘அண்ட ஆறல்’. பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து “ஆறல்வாய்மொழி!” என்று ஒரு குரல். இல்லை மக்களே, ஊர்ப் பெயருக்கு இடையின ர, இதற்கு வல்லின ற.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி. ‘என்ட்ரோபி’யை உருவாக்கியவர் கிளாசியுஸே. திரும்புதல், மாறுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். இரண்டு கருத்தும் நெருக்கமானவை என்பதால் ‘எனர்ஜி’யோடு ஒலி ஒத்துப்போகும்படி வேண்டுமென்றே அமைத்தார். தமிழில் அந்த ஒத்திசைவு தானாகவே விழுகிறது: ஆற்றல், ஆறல். செய்தல் என்னும் ஆற்றுதலும், சாயாவைத் தூக்கி ஊற்றித் தணிக்கும் ஆற்றுதலும் அகராதியில் ஒரே வடிவில் நிற்கும் இரு வேறு பொருள்கள். அவற்றுக்கு ஒரே வேர் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ‘ஆற்றல் அழியாது, ஆறும்’ என்று சொன்னால் கிளாசியுஸின் இரண்டு வரியும் மூன்று சொல்லில் அடங்கிவிடுகிறது.

உவமையில் ஓர் ஓட்டை இருப்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். சாயாவைச் சுற்றி அறை இருக்கிறது. அண்டத்துக்கு வெளியே அறை இல்லை. அது விரிவதால் சூடு நீர்த்துப்போகிறது, உள்ளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு நிரந்து சமமாகிறது. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டில் ஏறத்தாழ 3000 டிகிரி சூட்டில் எங்கும் நிறைந்திருந்த ஒளி, 1380 கோடி ஆண்டு கழித்து இன்றைக்குச் செல்சியஸ் சுழியத்துக்கு 270 டிகிரி கீழே கிடக்கிறது.

எப்போது முழுதும் ஆறும்? சூரியனுக்கு இன்னும் 500 கோடி ஆண்டு இருக்கிறது. புது விண்மீன் பிறப்பது நிற்க ஏறத்தாழ கோடி கோடி ஆண்டு ஆகும். பேச்சுக்குச் சொல்லும் கோடி கோடி இல்லை, கோடியைக் கோடியால் பெருக்கிய கணக்கு: ஒன்றுக்குப் பின் 14 சுழி. பெரிய கருந்துளைகளும் ஆவியாகிக் கரைய ஒன்றுக்குப் பின் 100 சுழி. பழந்தமிழில் பேரெண்களுக்குத் தாமரை, ஆம்பல், வெள்ளம் என்று பெயர் இருந்தது. நாஞ்சில் நாட்டுக் குளத்தில் பூத்துக் கிடப்பதையே எண்ணாகவும் எண்ணலாம் என்றதும் பிள்ளைகள் அண்டத்தை மறந்துவிட்டார்கள். கால் மணி நேரம் தாமரையில்தான் போனது.

மற்ற முடிவுகளைச் சுருக்கமாகவே சொன்னேன். விரிவது நின்று எல்லாம் திரும்ப ஒடுங்கினால் பெருங்குறுக்கம். விரிவு வெறிகொண்டு அணுவரை பிய்த்தெறிந்தால் பெருங்கிழிவு. 2003இல் போட்ட ஒரு கணக்கு, முடிவுக்கு அரை மணி முன்பு பூமி சிதறும் என்கிறது. அந்த அரை மணியில் என்ன செய்யலாம் என்று பெரிய விவாதமே நடந்தது. 1998இல் விரிவு வேகமெடுப்பது தெரிந்தபின் ஆறல்தான் முன்வரிசையில் நிற்கிறது. 2024, 2025இல் வந்த டெசி (அண்டத்தின் விரிவை அளக்கும் ஓர் ஆய்வு) அளவீடுகளோ, விரிவை முடுக்கும் அந்த உந்துதல் காலப்போக்கில் தளரக்கூடும் என்று கோடி காட்டுகின்றன. ஆகையால் ஆறலைப் பேனாவிலும் குறுக்கத்தைப் பென்சிலிலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கிளம்பும்போது கட்டன்சாயாப் பையன் கேட்டான்: “சாயா ஆறுனா அம்மா சூடாக்கித் தருவா. இதை யாரு சூடாக்குவா மாமா?”

அடுப்பும் அந்தக் கிளாசுக்குள்ளேதான் இருக்கிறது மக்களே என்றேன்.