அனிவர்சரி: விழாவா, நிறைவா, நினைவு நாளா?

"அனிவர்சரி" என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வரும்போது பலருக்கும் முதலில் கைக்கு வருவது "ஆண்டு விழா" என்பதுதான். ஒரு சங்கமோ பள்ளியோ தொடங்கிய நாளுக்கு அது பொருந்தும். வரலாற்று நிகழ்ச்சிகளைக் குறிக்கும்போதுதான் அது இடறுகிறது. ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு அணுகுண்டு வெடித்தது. ஆண்டுதோறும் அதே நாளில், அதே மணிக்கு, அந்நகரின் அமைதி நினைவுப் பூங்காவில் மணி ஒலிக்க, கூடியிருப்பவர்கள் பேச்சற்றுத் தலை தாழ்த்தி நிற்கிறார்கள். இதை "அணுகுண்டு வீச்சின் ஆண்டு விழா" என்று எழுதினால் இலக்கணத்தில் குற்றம் இராது. ஆனால் படிப்பவர் முகம் சுளிப்பார். ஆங்கிலச் சொல்லில் மகிழ்ச்சியும் இல்லை, துயரமும் இல்லை. தமிழ் "விழா"வில் மகிழ்ச்சி ஊறிக் கிடக்கிறது.

அச்சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இலத்தீனில் "அன்னுஸ்" என்றால் ஆண்டு. "வெர்ட்டெரே" என்றால் திரும்புதல். இரண்டும் கூடி உருவான "அன்னிவெர்சாரியுஸ்" என்பது "ஆண்டுதோறும் திரும்பி வருகிற" என்று பொருள்படும் ஒரு பெயரடையே. இடைக்கால ஐரோப்பியத் திருச்சபையில் இறந்தவரை அவர் இறந்த நாளில் ஆண்டுதோறும் நினைந்து வழிபடும் சடங்குக்கு இச்சொல் வழங்கியது. ஆங்கிலத்துக்கும் அது அந்த வழியாகவே வந்தது. இதற்கு நேர் இணையாக நம்மிடையே ஒரு சொல் உண்டு. வடமொழியில் "அப்தம்" என்றால் ஆண்டு; அதிலிருந்து வந்த "ஆப்திகம்" என்பதற்கு ஆண்டுக்குரியது என்பதே நேர்ப்பொருள் என்றாலும், வழக்கில் அது இறந்தவருக்கு ஆண்டுதோறும் செய்யும் சடங்கையே குறிக்கிறது. தொடர்பில்லாத இரு மொழி மரபுகளில் என்று சொல்ல முடியாது, இலத்தீனும் வடமொழியும் உறவு மொழிகளே. ஆயினும் இவ்விரு சொற்களும் தனித்தனியே நடந்து ஒரே இடத்தில் போய் நின்றது வியப்பாகவே இருக்கிறது.

"ஆண்டு" என்பது தூய தமிழ்ச் சொல். பழைய வடிவம் "யாண்டு". "யாண்டு பலவாக நரையில ஆகுதல்" என்று தொடங்கும் புறநானூற்றுப் பாடலில் அவ்வடிவத்தைக் காணலாம். கல்வெட்டுகளிலும் அரசர்களின் ஆட்சியாண்டைக் குறிக்க "யாண்டு" என்றே பொறித்தார்கள். "வருஷம் திரும்புவதற்குள்" என்று பேச்சில் சொல்கிறோமே, இலத்தீன் சொல்லுக்குள் இருக்கும் அதே திரும்புதல்தான் அது. ஆனால் "திரும்பல்" என்று ஒரு கலைச்சொல்லை ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை. "ஆண்டு நிறைவு" என்ற தொடர் முன்பே இருக்கிறது. "அப்தபூர்த்தி" என்ற வடமொழித் தொடருக்கும் இதே பொருள்தான். மகிழ்ச்சி, துயரம் என்ற சாய்வு இல்லாமல், "அனிவர்சரி"க்கு மிக அருகில் நிற்பதும் இதுவே.

அடுத்த குழப்பம் எண்ணிக்கையில் வருகிறது. "25ஆம் ஆண்டு" என்றால் 25 ஆண்டுகள் முடிந்துவிட்டனவா, அல்லது 25ஆவது ஆண்டு நடந்துகொண்டிருக்கிறதா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இதற்கு விடை தருகிறது. முதலாம் இராசராசன் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது அவனுடைய 25ஆவது யாண்டின் 275ஆம் நாளில் என்று அது சொல்கிறது. அதாவது, அன்றைக்கு முடிந்திருந்தவை 24 யாண்டுகளே, 25ஆவது ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே "ஆம்", "ஆவது" என்பவை நடப்பு ஆண்டைச் சுட்டுவதே பழைய வழக்கு. பாரிசில் பஸ்தீய் சிறை வீழ்ந்தது 1789 ஜூலை 14. அதன் நினைவாக அந்நகரத்தார் பெருந்திரளாகக் கூடியது 1790 ஜூலை 14. அது பிரெஞ்சுப் புரட்சியின் முதலாம் ஆண்டு நிறைவு நாள். இரண்டாம் ஆண்டின் தொடக்க நாளும் அதுவே. "நிறைவு" என்ற சொல்லை விட்டுவிட்டால் ஓராண்டு கூடவோ குறையவோ இடமுண்டு.

"நூற்றாண்டு விழா"வில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே தெரியும். 1924இல் பிறந்த ஒருவருக்கு 2023இலேயே நூற்றாண்டு விழா தொடங்கிவிட்டது என்று கேட்டுச் சிலர் கணக்குத் தவறிவிட்டதாக நினைக்கிறார்கள். தவறவில்லை, 2023இல் தொடங்கியது 100ஆவது ஆண்டு, 2024இல் முடிந்தது 100 ஆண்டு. முன்னதை "நூற்றாண்டுத் தொடக்கம்" என்றும் பின்னதை "நூற்றாண்டு நிறைவு" என்றும் பிரித்து எழுதுவதே முறை. ஆறு மாதம் கழிந்ததை "ஆறு மாத ஆண்டு நிறைவு" என்று எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். "ஆறு மாத நிறைவு" போதும்.

துயர நிகழ்ச்சிகளுக்கும் மறைந்தவர்களுக்கும் "நினைவு நாள்" என்பதே உரிய சொல். "ஹிரோஷிமா நினைவு நாள்" என்றும், எண்ணிக்கை வேண்டுமானால் "அணுகுண்டு வீச்சின் 75 ஆண்டு நிறைவு" என்றும் எழுதலாம். வெற்றி, விடுதலை, தொடக்கம் ஆகியவற்றை மக்கள் உண்மையிலேயே கூடிக் கொண்டாடும்போது மட்டும் "ஆண்டு விழா" என்று எழுதலாம். கொண்டாட்டம் இல்லாவிட்டால் அங்கும் "நிறைவு"தான்.

திரும்பி வருவது எந்த நாள் என்பதிலும் கவனம் தேவை. ரஷ்யாவில் லெனின் தலைமையிலான போல்ஷ்விக் கட்சியினர் ஆட்சியைக் கைப்பற்றியது அங்கு அப்போது வழங்கிய ஜூலியன் நாட்காட்டிப்படி 1917 அக்டோபர் 25. கிரிகோரியன் நாட்காட்டியில் அது 13 நாள் தள்ளி நவம்பர் 7 ஆகிறது. 1918இல் நாடு நாட்காட்டியை மாற்றிக்கொண்டதால், பெயரில் அக்டோபரைச் சுமந்த புரட்சியின் ஆண்டு நிறைவு நவம்பரில் வரலாயிற்று. 1945இல் பெர்லினில் ஜெர்மனி சரணடைந்த ஆவணம் மே 8 நள்ளிரவை ஒட்டிக் கையெழுத்தானபோது மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டிருந்தது; இன்றும் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் மே 8, ரஷ்யாவில் மே 9. எனவே இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு "ஆண்டு நிறைவு" என்று எழுதுவதோடு, எந்த நாட்காட்டியின்படி, எந்த ஊர் நேரப்படி என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுவது நல்லது.