கீறல் காத்திருக்கும், கல்லடி காத்திருக்காது

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கதவில் விழுந்த கோட்டைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "அண்ணே, காடியில கோடு விழுந்துடுச்சு, இதை மட்டும் எடுத்துக் குடுங்க" என்பார்கள். நான் கோட்டைப் பார்த்துவிட்டு, குனிந்து போனட்டின் முன்விளிம்பைப் பார்ப்பேன். நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஓடிய கார் என்றால் அங்கே கல் தெறித்துப் பெயிண்ட் உதிர்ந்த சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். சிலவற்றின் நடுவில் துருவின் காவி நிறம் ஏறியிருக்கும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கோடு கண்ணை உறுத்துவதால் உடனே அதில் கைவைக்கிறார்கள். புள்ளி கண்ணில் படாததால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோலாலம்பூரின் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் நடுவே தகட்டை அரிப்பது அந்தப் புள்ளிதான்.

செகாம்புட் பக்கம் பெயிண்ட் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். வீட்டில் செய்யக்கூடிய வேலையை வீட்டிலேயே செய்வதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கீறலோடு வரும் கார்களைப் போலவே, கீறலை எடுக்கப் போய்ப் பாழான கார்களும் அடிக்கடி வருகின்றன. அதைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. முதலில் பெயிண்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

இரும்புத் தகட்டின் மேல் தொழிற்சாலையில் முதலில் துருவைத் தடுக்கும் ஒரு பூச்சு ஏற்றுவார்கள். முழு உடலையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் பூச்சு அது. அதன் மேல் நிறம் நன்றாகப் பிடிக்க உதவும் பிரைமர், அதற்கு மேல் நிறம், கடைசியாக மேலே நிறமே இல்லாத கிளியர். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். நாம் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாளின் தடிமனே கிட்டத்தட்ட 100 மைக்ரான். அதில் கிளியரின் பங்கு சுமார் 40, 50 மைக்ரான். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இந்தக் கிளியருக்குள்தான் கலந்திருக்கிறது. கீறலைத் தேய்த்து எடுக்கும் பசையான காம்பவுண்டை நீங்கள் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இதிலிருந்துதான் கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது. கூரையிலும் போனட்டிலும் வெள்ளைத் திட்டுத்திட்டாகத் தோல் உரிந்த பழைய கார்களை நம் ஊரில் தினமும் பார்க்கலாம். வெயில் முக்கியக் காரணம்தான். அடிக்கடி பாலிஷ் போட்டு மெலிந்த கிளியர் அந்த வெயிலுக்கு இன்னும் சீக்கிரம் தோற்றுப்போகிறது.

ஆகவே கோட்டைப் பார்த்ததும் கையில் துணியை எடுக்காமல், அது எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பாருங்கள். காரைக் கழுவி, துடைத்து, கோட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியரோடு நிற்கிறது. அடுத்து நகத்தை மெல்லக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் அதைத் தேய்த்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கோட்டுக்குள் சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர். பளபளவென்று தெரிந்தால் தகடு.

இன்னொன்றும் உண்டு. கார் நிறுத்துமிடத்துத் தூணில் உரசிய கார்களில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரிவது பல நேரம் கீறலே இல்லை, தூணின் பெயிண்ட் நம் பெயிண்ட்மேல் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலையோ, தார் எடுக்கும் திரவத்தையோ மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். தின்னர் மட்டும் வேண்டாம். முன்பு எப்போதாவது ஸ்பிரே அடித்த இடமாக இருந்தால் தின்னர் அதை இளக்கிவிடும். ஹெட்லாம்ப் பிளாஸ்டிக்கில் பட்டால் மயிரிழை வெடிப்புகள் விழும், அதைத் திருப்பவே முடியாது.

கிளியரோடு நிற்கும் லேசான கோட்டுக்கு வீட்டில் கையால் காம்பவுண்ட் போடலாம். கார் நிழலில் நிற்க வேண்டும், தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். மெல்லிய ஸ்பாஞ்சில் கொஞ்சமாகக் காம்பவுண்ட் எடுத்து, கையகல இடத்தில் மட்டும் சீராகத் தேய்த்து, துடைத்துப் பார்த்து, தேவை என்றால் இன்னொரு முறை. கோடு முழுக்கப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பாதி குறைந்து, எட்டி நின்றால் தெரியாது என்ற நிலை வந்தால் போதும், நிறுத்திவிடுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள். கிளியர் முடிந்து நிறத்தைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். கிளியர் இல்லாமல் ஒரே பூச்சாக அடித்த பழைய கார்களில் மட்டும் துணியில் நிறம் ஏறுவது சாதாரணம். கதவின் ஓரம், போனட்டின் மடிப்புக்கோடு போன்ற விளிம்புகளில் பெயிண்ட் இயல்பிலேயே மெல்லியதாக இருக்கும். அங்கே காம்பவுண்ட் போகக்கூடாது.

டூத்பேஸ்ட், டபிள்யூ.டி.-40, கீறலை மாயமாக்கும் பேனா என்று வாட்சாப்பில் சுற்றும் வீடியோக்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். டபிள்யூ.டி.-40 எண்ணெய் சார்ந்தது. கோட்டுக்குள் புகுந்து அதைக் கொஞ்ச நாள் மறைக்கும், இரண்டு மழையில் கோடு திரும்ப வந்துவிடும். டூத்பேஸ்டில் தேய்க்கும் தூள் இருக்கிறது. அது எவ்வளவு முரடு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காம்பவுண்டில் அது டப்பாவிலேயே எழுதியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பறவை எச்சத்தையோ மரப்பிசினையோ எடுக்க அதைப் பயன்படுத்திய கார்களைக் கொண்டுவருகிறார்கள். ஒரு பிசின் புள்ளிக்காகப் போனட் முழுவதையும் அடிக்க வேண்டிய நிலை. எச்சமோ பிசினோ, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டு ஊறவிடுங்கள். தானே இளகும்.

சரி, கல்லடிக்கு வருவோம். காராக் மலைச்சாலையில் ஏறி இறங்கும்போதும், பிளஸ் நெடுஞ்சாலையில் மணல் லாரிக்குப் பின்னால் போகும்போதும் தெறிக்கும் சிறு கல், நான்கு அடுக்கையும் ஒரே நேரத்தில் உடைத்துத் தகடு வரை போய்விடும். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சும் அந்த இடத்தில் இல்லை. நம் ஊரில் பிற்பகல் மழை அடிக்கடி வரும், மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். துரு புள்ளியின் வாயில் தொடங்கி, பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். வெளியே குமிழ் தெரியும்போது உள்ளே அதைவிடப் பெரிய இடம் போயிருக்கும். பினாங்கில் கடலோரம் நிறுத்தும் கார்களில் உப்புக்காற்று இதை இன்னும் வேகமாக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் சின்னப் புள்ளிகளுக்கு வைக்கும் பெயிண்டான ஒரு டச்-அப் பாட்டிலோடு முடிகிற வேலை இது.

பாட்டில் வாங்கும் முன் நிறக் குறியீடு தெரிய வேண்டும். வெள்ளை என்று கேட்டு வாங்கினால் நிச்சயம் பொருந்தாது. காரின் வகையைப் பொறுத்து ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, இன்ஜின் அறையிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். டொயோட்டாவில் சி/டி.ஆர். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பாருங்கள், 040 என்றிருந்தால் சாதாரண வெள்ளை, 070 என்றிருந்தால் முத்து வெள்ளை. ஹோண்டாவின் கறுப்பு, வெள்ளை, சாம்பல் குறியீடுகள் என்.எச். என்று தொடங்கும். அந்த எண்ணைச் சொன்னால் பெயிண்ட் கலக்கும் கடையில் சிறிய பாட்டிலில் போட்டுக் கொடுப்பார்கள்.

காலை நேரத்தில், வெயில் படாத போர்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மழை கூடிவரும் பிற்பகலில் வேண்டாம். பெயிண்டில் கலந்திருக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பெயிண்ட் வெள்ளையாக மங்கிப்போகும். புள்ளியைக் கழுவி, உலரவிட்டு, ஆல்கஹாலால் மெழுகும் எண்ணெயும் போகத் துடையுங்கள். காவி நிறம் இருந்தால் அதன் மேல் அப்படியே பெயிண்ட் வைக்கக்கூடாது. துரு உள்ளேயே இருந்து வேலையைத் தொடரும். கூர்மையான கத்தி முனையால் புள்ளிக்குள் மட்டும் மெல்லச் சுரண்டி, துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தை ஒரு துளி வைத்து, டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள். தகடு தெரிந்தால் அடுத்து ஒரு துளி பிரைமர்.

பாட்டில் மூடியில் வரும் தூரிகையைப் பயன்படுத்தாதீர்கள், அது இந்த வேலைக்கு மிகவும் தடிமன். பல்குத்தும் குச்சியின் முனையில் நிறத்தை எடுத்து, பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், ஓரம் வரை தானே ஓடும். காய்ந்ததும் பெயிண்ட் சுருங்கிப் பள்ளம் திரும்பத் தெரியும். ஒரு மணி நேரம் போல விட்டு, இன்னொரு துளி. இப்படி மூன்று, நான்கு மெல்லிய துளிகளில் நிரப்புங்கள், கடைசியில் கிளியர். ஒரேயடியாக நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் ஒரு வாரமாவது கழித்து, தண்ணீரில் ஊறிய 2000 எண் சேண்ட் பேப்பரைச் சின்னத் துண்டாக வெட்டி, அந்தத் துருத்தலை மட்டும் தொட்டுச் சமப்படுத்தலாம். வீட்டில் சேண்ட் பேப்பருக்கு நான் அனுமதிக்கும் ஒரே இடம் இதுதான். மெழுகு போட ஒரு மாதம் பொறுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் டச்-அப் வைத்துவிட்டு மறுநாளே கார் வாஷில் மெழுகு போடச் சொல்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

சில்வர் போன்ற மெட்டாலிக் நிறங்களில் வைத்த புள்ளி கொஞ்சம் கருத்துத் தெரியும். ஸ்பிரேயில் படியும் உலோகத் துகள்கள் ஒரு விதமாகவும், குச்சியால் வைக்கும்போது வேறு விதமாகவும் படுப்பதால் அப்படி. முத்து வெள்ளையும் மஸ்டாவின் சிவப்பும் பல அடுக்கில் வருபவை, பாட்டிலில் அச்சு அசலாக வராது. வராவிட்டாலும் வையுங்கள். துரு நின்றால் காரியம் முடிந்தது, அழகைப் பிறகு பார்க்கலாம்.

பம்பர் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. அதில் கல் பட்ட புள்ளிக்கு உங்களுக்கு மனமிருந்தால் பெயிண்ட் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பக்கவாட்டில் வரும் வண்டியை எச்சரிக்கும் வசதியுள்ள கார்களில் பின் பம்பரின் மூலைகளுக்குப் பின்னால் ரேடார் இருக்கும். அங்கே பட்டி பூசுவதும், அடுக்கடுக்காகப் பெயிண்ட் ஏற்றுவதும் அதன் பார்வையைக் கெடுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். அடியில் உள்ள பொத்தானை அழுத்தி, கிளியரை இறுக்கும் ஹார்டனரைக் கலக்கும் ஸ்பிரே டப்பாக்கள் இப்போது ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கின்றன. அந்தக் கிளியர் உறுதியானது, பளபளப்பானது, உண்மைதான். அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்பிரே தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு இது தெரிந்த காரணம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் மூச்சில் போனாலும் இழுப்பு வரும். முகத்தில் போடும் காகித மாஸ்க் இதைத் தடுக்காது. நாங்கள் வெளிக்காற்று வரும் குழாயோடு, மூடிய அறையில் அடிக்கிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலில் விளையாடும் லிங்க் வீட்டுப் போர்ச்சிலும், கொண்டோவின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்திலும் அதை அடிக்காதீர்கள். சில நூறு ரிங்கிட் மிச்சமாவதற்கு அது தகுந்த விலை இல்லை.

தகடு தெரியும் நீண்ட கோடு, ஒடுங்கி வெடித்த பெயிண்ட், குமிழ் விட்ட துரு: இவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இன்சூரன்ஸில் கேட்கலாமா என்றால், முதலில் உங்கள் என்.சி.டி. கழிவை, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, கணக்குப் போடுங்கள். முதல் வருடம் 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 55 விழுக்காடு வரும் கழிவு அது. உங்கள் பாலிசியிலேயே சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். ஒரு கதவின் கோட்டுக்காக அதை இழப்பது பெரும்பாலும் கட்டுபடியாகாது. இன்னொரு வண்டி மோதியிருந்தால் விஷயம் வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

ஊருக்குப் போய்வந்த மறுநாள் காரைக் கழுவும்போது கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து போனட் முன்விளிம்பையும், சக்கர வளைவுகளின் ஓரத்தையும் பாருங்கள். அப்புறம் முன் கண்ணாடிக்கு மேலே கூரை தொடங்கும் இடம். நின்ற நிலையில் அது கண்ணுக்கு எட்டாது, கால் எக்கித்தான் பார்க்க வேண்டும். அங்கே பட்ட கல்லடி துருவாகிக் கண்ணாடி ரப்பருக்கு அடியில் போய்விட்டால், கண்ணாடியைக் கழற்றாமல் எங்களாலும் அதைச் சரிசெய்ய முடியாது.