குழாய் இருந்தும் பாட்டில் தண்ணீரில் பல் துலக்கிய சிறுமி

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களில் பலர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார்கள். "கண்ணாடி மாதிரி இருக்கிறதே, இதில் என்ன இருக்கப்போகிறது?" தண்ணீரில் கரைந்த காரீயம் (lead) நஞ்சு, ஆனால் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை என்று சொல்வேன். லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற நம் நாட்டுத் தர வரம்பைச் சொல்வேன். எண் யார் மனத்திலும் தங்கியதில்லை. இப்போதெல்லாம் பயிற்சி வகுப்பில் முதலில் ஒரு புகைப்படத்தைக் காட்டிவிடுகிறேன்.

கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளின்ட் நகரத்து வீடு ஒன்றின் குளியலறை. பல் துலக்கும் மகளின் வாயில் தாய் பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறார். அவ்வளவுதான் படம். குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் இது ஏன் என்று யாராவது கேட்காமல் இருந்ததே இல்லை.

எடுத்தவர் லடோயா ரூபி ஃப்ரேசியர் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர். பென்சில்வேனியாவில் பிராடாக் என்னும் உருக்காலை ஊரில் வளர்ந்தவர். ஆலையின் நிழலில் பாட்டி, தாய், தான் என மூன்று தலைமுறைப் பெண்கள் நோயோடு வாழ்ந்ததைப் பல ஆண்டுகள் படமெடுத்தவர். 2016இல் ஃபிளின்டுக்குப் போனபோதும் மூன்று தலைமுறைப் பெண்கள் உள்ள ஒரு குடும்பத்தோடுதான் தங்கிப் பழகினார். அந்தத் தாய் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், கவிஞரும்கூட.

கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் ஃபிளின்ட். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக அதன் நீராதாரத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தை அந்த நீரில் கலக்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த காரீயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. மக்கள் முறையிட்டபோது தண்ணீர் பாதுகாப்பானது என்றே பதில் வந்தது. அதே 2014 அக்டோபரில், உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின் ஆலை அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரைப் பிள்ளைகள் இன்னும் ஓராண்டு குடித்தார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் குரல் தடுமாறுகிறது.

ஃப்ரேசியர் படமெடுத்ததோடு நிற்கவில்லை. காற்றின் ஈரத்திலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரத்தை 2019இல் அந்த ஊருக்குக் கொண்டுவர, தன் கண்காட்சியில் கிடைத்த பணத்தைச் செலவிட்டார்.

படம் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கொதிக்க வைத்தால் போகாதா?" போகாது. நீர் ஆவியாகும், காரீயம் தங்கிவிடும், அடர்த்திதான் கூடும். வளரும் குழந்தையின் மூளைக்கு இவ்வளவு காரீயம் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது. அடுத்த கேள்வி ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பற்றியதாக இருக்கும். அது வெள்ளீயம், வேறு உலோகம். ஆனால் அதில் காரீயம் கலந்து விற்பதுண்டு. ஐயமிருந்தால் சொம்பையும் சோதித்துவிடுங்கள்.

தண்ணீர் மாதிரி எடுப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நல்ல தண்ணீராகப் பிடித்து வருகிறார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் குழாயிலேயே தேங்கிய நீர்தான் எங்களுக்கு வேண்டும். இரவு மூடிய குழாயைக் காலையில் வேறு யாரும் தொடுமுன் திறந்து, முதலில் வரும் ஒரு லிட்டரைப் பிடித்து வாருங்கள்.