பூனை குடிக்கும் தண்ணீரும் உண்ணும் தண்ணீரும்

கத்திரி வெயில் நாட்களில் வேலூரில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்க, வீட்டில் இருப்பவர்கள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கும் அந்த நாட்களிலும், சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுப் பூனை தண்ணீர்க் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போவதுண்டு. இதைக் கண்டு கவலைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது சாப்பிடும் தட்டை.

பூனைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மி.லி. தண்ணீர் வேண்டும், 4 கிலோ பூனைக்கு 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர். இது குடிக்கும் தண்ணீரை மட்டும் குறிக்கும் அளவன்று. உணவில் உள்ள ஈரமும், உணவு உடலில் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாகும் நீரும் இதில் அடங்கும். 100 கிராம் கொழுப்பு முழுவதும் எரிந்தால் 100 கிராமுக்கும் சற்று அதிகமான நீர் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நம் பூனைக்கு இந்த வழியில் ஒரு நாளில் கிடைப்பது ஏறத்தாழ 25 மி.லி.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வேகவைத்த மீனும் கோழியும் கலந்த 200 கிராம் ஈர உணவில் முக்கால் பங்கு நீர் என்று கொண்டால், அதிலேயே 150 மி.லி. வந்துவிடுகிறது, கிண்ணத்திலிருந்து குடிக்க வேண்டியது வெறும் 25 மி.லி. அதே பூனை கடையில் வாங்கும் மொறுமொறுப்பான உலர் உணவை 60 கிராம் தின்றால், அதன் ஈரம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், 5 மி.லி. அளவே கிடைக்கும். மீதி 170 மி.லி.யை அது நக்கியே குடித்தாக வேண்டும்.

அது எளிதான வேலையன்று. பூனை நாக்கின் நுனியைப் பின்னோக்கி மடித்து நீர்ப்பரப்பைத் தொட்டவுடன் மேலே இழுக்கிறது. நாக்கோடு ஒட்டி எழும் மெல்லிய நீர்த்தூண் புவியீர்ப்பால் அறுந்து விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவால் படம்பிடித்து இதை விளக்கிய அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை 2010-இல் வெளிவந்தது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு முறை நக்கினாலும், ஒரு நக்கலில் கிடைப்பது 0.1 மி.லி.யைச் சற்றே கடந்த அளவுதான். 170 மி.லி. குடிக்க ஆயிரம் முறைக்கு மேல் நக்க வேண்டும்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. அது பிடித்துத் தின்னும் எலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நீர் இருப்பதால், குளத்தைத் தேடி அலைய வேண்டிய தேவை குறைவு. அதன் சிறுநீரகம் மனிதச் சிறுநீரைவிட இரண்டரை மடங்கு வரை செறிவான சிறுநீரை உண்டாக்கி, உடலின் நீரைக் காத்துக்கொள்கிறது. தாக உணர்வும் மந்தம். இதனால்தான் உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் அதிகம் குடித்தாலும், ஈர உணவு தின்னும் பூனைக்குச் சேரும் மொத்த நீரை எட்டுவதில்லை. சிறுநீர் அளவில் குறைந்து செறிவு கூடும்போது படிகங்களும் கற்களும் உருவாக இடமுண்டு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அது முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களில் உயிருக்கே ஆபத்து. முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராத ஆண் பூனையை மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

வெயில் காலத்தில் இழப்பும் கூடுகிறது. பூனைக்குப் பாதங்களில் மட்டுமே வியர்க்கும் என்பதால், அது உடலை நக்கி எச்சிலால் நனைக்கிறது. மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே ஆவியாதல்தான் அதன் உடலையும் குளிரவைக்கிறது. அந்தத் தண்ணீர் உணவு வழியாகவே திரும்பட்டும் என்று, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் வேகவைத்த நீரை அதன் சாப்பாட்டிலேயே ஊற்றிப் பிசைந்து வைக்கிறேன். வெங்காயம் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பால் இதற்கு மாற்றாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க விரும்புகிறவர்கள் மண்சட்டியைத் தவிர்க்க வேண்டும். முதலில் நான் அதில்தான் அளந்தேன். சட்டியின் சுவர் வழியே கசிந்து ஆவியான நீரையும் பூனையின் கணக்கில் எழுதி வீணாகப் பயந்துபோனேன். இப்போது ஒரே அளவிலான இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் காலையில் 300 மி.லி. வீதம் ஊற்றி, ஒன்றைப் பூனைக்கும் மற்றொன்றை அதற்கு எட்டாத அலமாரியிலும் வைக்கிறேன். மறுநாள் இரண்டிலும் மீந்ததை அளந்தால், வித்தியாசமே பூனை குடித்தது.

உணவு மாறாதிருக்கும்போது அந்த எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அதிலும் கிலோவுக்கு 100 மி.லி.யைத் தொட்டால், வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. சிறுநீரகத் தளர்ச்சி, நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகிய மூன்றுமே வயதான பூனையை அதிகம் குடிக்க வைக்கும். கால்நடை மருத்துவரிடம் போகும்போது ஒரு வார அளவுகளோடு, அது என்ன தின்றது என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தட்டில் இருந்தது தெரியாமல் கிண்ணத்தின் கணக்கை அவரால் படிக்க முடியாது.